மூன்று டாக்டர் வீடு

சேலத்தில் எந்தப் பகுதியில் குடியேறுவது என்று முடிவு செய்ய சத்யபிரியா ஒரு பரீட்சை வைத்தாள். பரீட்சை எழுதியவை பகுதிகள், திருத்தியவள் அவள். பழைய நோட்டு ஒன்றில் சூரமங்கலம், அம்மாபேட்டை, அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் என்று வரிசையாகப் பெயர் எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டாள். நல்ல பள்ளிக்கு நாற்பது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகளா என்பதற்கு இருபத்தைந்து, டாஸ்மாக் கடை கண்ணில் படாமல் இருந்தால் இருபது, மீதிப் பதினைந்து தண்ணீர், காற்று, கொசு எல்லாவற்றுக்கும் சேர்த்து. சூரமங்கலம் ரயில் சத்தத்தால் மூன்று மார்க்கை இழந்தது. அம்மாபேட்டையில் அவள் பார்க்கப் போன தெருவில் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படிக்கிற நேரத்தில் என்ன ஆட்டம் என்று ஒரே அடியாகப் பன்னிரண்டு மார்க்கைக் கழித்துவிட்டாள். ஃபேர்லேண்ட்ஸில் அதே ஆறு மணிக்குத் தெருவில் ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். எல்லாம் டியூஷனுக்குப் போயிருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்கு மனம் நிறைந்துபோனது. தொண்ணூற்றொன்று போட்டாள்.

இத்தனைக்கும் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. வெண்ணந்தூரைத் தாண்டிச் சாலையோரம், சொந்தத் தோட்டத்தில், கிழக்குப் பார்த்த மாடி வீடு. பக்கத்திலேயே கொழுந்தனார் கந்தவேலின் வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். கணவன் தீனதயாளன் போர் போடும் ரிக் வண்டிக்கு மேனேஜர். வருஷத்தில் ஒன்பது மாதம் ராய்ப்பூர் பக்கம் வண்டியோடு அலைவான், மழைக்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து தூங்குவான். ஒரே பெண் இலக்கியா ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. காலையில் பல் துலக்க ஆரம்பித்தால் அதற்கு முந்தைய நாள் பள்ளியில் நடந்தது, நடக்காதது, நடந்திருக்கலாம் என்று அவள் நினைப்பது எல்லாம் வரிசையாக வரும். கேட்பவர்கள் நடுநடுவே "உம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் முதலிலிருந்து தொடங்குவாள்.

சத்யபிரியா ஊரை விடுவதற்குக் காரணம் அரை மார்க். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், மருத்துவக் கல்லூரி கட்-ஆஃபில் அவள் அரை மார்க்கில் தவறினாள். மற்றவர்களுக்கு அரை மார்க் ஒன்றுமில்லை, அவளுக்கு அது பதினெட்டு வருஷமாக வயிற்றில் கிடக்கிற கல். அந்த வருஷம் அவள் பள்ளியில் பாதி நாள் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. டவுனில் படித்திருந்தால் அந்த அரை மார்க் வந்திருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இலக்கியாவுக்கு அப்படி ஆகக் கூடாது, அவள் டாக்டர் ஆகியே தீர வேண்டும், அதற்கு முதலில் இந்த வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஏனுங்கண்ணி, ராசிபுரத்துலயே நல்ல பள்ளிக்கூடமெல்லாம் இருக்குதுங்களே. பஸ்ஸு ஊட்டு முன்னால வந்து நிக்குமுங்களே" என்றான் கந்தவேல்.

"பள்ளிக்கூடம் மட்டும் இருந்தாப் போதுங்களா தம்பி? சுத்துப்புறம் வேண்டாமா?"

கந்தவேல் சுற்றுப்புறத்தை ஒருமுறை பார்த்தான். ஒரு பக்கம் மரவள்ளிக் காடு, ஒரு பக்கம் தென்னை, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷமாக எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடம். அது கல்யாண மண்டபம் என்றார்கள் சிலர், நூல் மில் என்றார்கள் சிலர். கந்தவேல் மட்டும் அது கோழித் தீவனக் கம்பெனி என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி சொல்கிற சுற்றுப்புறம் இது இல்லை என்று புரிந்து வாயை மூடிக்கொண்டான். அவன் மனைவி மைதிலி ஃபேர்லேண்ட்ஸுக்கு எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஏப்ரலில் தீனதயாளன் நான்கு நாள் லீவில் வந்தான். வெயில் காலத்தில் ரிக் வண்டி மேனேஜருக்கு நான்கு நாள் லீவு கிடைப்பது பெரிய விஷயம், அதை அவன் நான்கு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தான். புரோக்கர் வீரபாகு ஒரு நாளைக்கு ஆறு வீடு காட்டினார். சத்யபிரியா பள்ளிக்கு எத்தனை நிமிஷ நடை என்று கேட்பாள். தீனதயாளன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வியாக "போர் எத்தன அடிங்க?" என்பான். எழுநூறு என்றால் உதட்டைப் பிதுக்குவான். தொள்ளாயிரம் என்றால் அங்கேயே உட்கார்ந்து, எந்த வருஷம் போட்டது, எத்தனை அடியில் பாறை வந்தது, கேசிங் குழாயை எதுவரை இறக்கினார்கள் என்று விசாரணையைத் தொடங்கிவிடுவான். ஒரு வீட்டுக்காரர் இவன் வருமான வரி ஆளோ என்று பயந்து வீடு காலியில்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மாலை வீரபாகு ஒரு மாடி வீட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது ஊடு இல்லீங்க, ராசிங்க. இந்த மாடியில இதுவரைக்கும் மூணு குடும்பம் குடியிருந்துதுங்க. மூணு குடும்பத்துப் புள்ளைங்களும் டாக்டருங்க. ஒருத்தரு சென்னையில, ஒருத்தரு கோயமுத்தூர்ல, ஒருத்தரு வெளிநாட்டுல."

சத்யபிரியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளி ஏழு நிமிஷ நடை. அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம், பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன். சேலத்தில் அதற்கு நல்ல பெயர், அவ்வளவு போதும்.

"போர் எத்தன அடிங்க?" என்றான் தீனதயாளன். அவள் அவன் காலை மிதித்தாள்.

வீட்டுக்காரர் முத்தாயம்மாள், கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் பெங்களூரில். மற்ற வீட்டுக்காரர்கள் ஆதார் கார்டு கேட்பார்கள், இவர் மார்க் ஷீட் கேட்டார். மாடிப்படிச் சுவரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று இளவட்டங்களின் படங்கள் சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருந்தன.

"அடப் பாவமே, இந்த வயசுலயா? எப்பங்க தவறுனாங்க?" என்று தீனதயாளன் கேட்டுவிட்டான்.

"எல்லாரும் உசுரோட இருக்காங்க. டாக்டருங்க அவங்க" என்றார் முத்தாயம்மாள். பிறகு இலக்கியாவைப் பார்த்து, "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்றார்.

இலக்கியா கடகடவென்று சொல்லி முடித்து, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தான் எந்த மரத்தடியில் எந்த நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நாயின் குணநலன்களுக்குப் போவதற்குள் முத்தாயம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, அப்பா பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவதுங்க."

"பாஸா?"

"ரெண்டாவது தடவ பாஸுங்க."

சத்யபிரியா தரையைப் பார்த்தாள். முத்தாயம்மாள் சாவிக்கொத்தை எடுத்தார். பிறகு, "பிள்ளை நல்லா வருவா. பேச்சு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, இந்த வீட்டுக்கு வந்தா அடங்கிரும்" என்று சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு அது ஆசீர்வாதம் மாதிரிதான் கேட்டது.

மே மாதம் குடி வந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாம் சத்யபிரியா நினைத்தபடியே நடந்தது. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் போதும், எட்டு ஐம்பத்திரண்டுக்கு இலக்கியா வகுப்பில் இருப்பாள். முதல் தேர்வில் இரண்டாம் ராங்க். சத்யபிரியா அந்தச் செய்தியை மைதிலிக்கு மட்டுமல்லாமல், மைதிலி மூலம் வெண்ணந்தூரில் யார் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சொன்னாள். மழைக்காலத்துக்கு வந்த தீனதயாளன் மூன்று மாதம் ஃபேர்லேண்ட்ஸில் தூங்கினான், விழித்திருந்த நேரத்தில் தெருவில் எல்லா வீட்டு போரின் ஆழத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அவன் ராய்ப்பூருக்கு வண்டி ஏறிய மூன்றாம் நாள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. காலாண்டு விடுமுறைக்குப் பின் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை புதிய பசுமை வளாகத்துக்கு மாற்றப்படுகிறது. நகரத்தின் இரைச்சலிலிருந்து விலகி, தூய காற்றும் இயற்கை எழிலும் சூழ்ந்த பதினெட்டு ஏக்கர். கீழே பெரிய படம். படத்தில் நீளமாக வெள்ளைக் கட்டடம், முன்னால் புல்தரை, பின்னால் நான்கு தென்னை மரங்கள். அதில் ஒன்று நட்ட நாளிலிருந்தே வளைந்து வளர்ந்தது. அந்த வளைவைச் சத்யபிரியாவுக்கு நன்றாகத் தெரியும். அது கந்தவேலின் வரப்பில் நிற்கிற மரம்.

நான்கு தடவை படித்தாள். நான்கு தடவையும் முகவரியில் வெண்ணந்தூர் என்றே இருந்தது. கோழித் தீவனக் கம்பெனி என்று கந்தவேல் அடித்துச் சொன்ன கட்டடத்துக்குள் அவள் பெண் படிக்கப் போகிறாள்.

தீனதயாளனுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான், ஒரே சந்தோஷம்.

"ஏம்புள்ள, இது நம்ம தென்னையாட்ட இருக்குதே!"

"நம்முளுதுதானுங்க."

"அப்பறம் என்ன, ஊட்டுக்கே போயிரலாமே!"

"போறதாவதுங்க! அஞ்சு மாசத்துல திரும்பி வந்துட்டாங்கன்னு ஊரே சிரிக்கும். பள்ளிக்கூடம் எங்க போனா நமக்கென்னங்க, ராசி இந்த ஊட்டோட இருக்குது. பஸ் உடறாங்க, போயிட்டு வரட்டும்" என்று போனை வைத்தாள்.

அப்படியாக இலக்கியாவின் பயணம் தொடங்கியது. ஐந்தேகாலுக்கு எழுந்து, ஆறு நாற்பதுக்குத் தெருமுனையில் மஞ்சள் பேருந்து. அது சேலத்தில் உள்ள சந்து பொந்தெல்லாம் நுழைந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, கொண்டலாம்பட்டி, மல்லூர் என்று ஊர்ந்து, எட்டு இருபதுக்கு வெண்ணந்தூர் தாண்டி ஒரு வீட்டு வாசலில் நிற்கும். அது இலக்கியாவின் சொந்த வீட்டு வாசல். அங்கே கந்தவேலின் பெண் யுவஸ்ரீ ஏறுவாள். பள்ளி வாசலுக்கே வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா என்று கந்தவேல் விடுமுறையிலேயே அவளைச் சேர்த்துவிட்டான், அதே ஆறாம் வகுப்பு. யுவஸ்ரீ ஏழரை மணிக்கு எழுந்து, சுடச்சுடத் தோசை தின்றுவிட்டு, சாவகாசமாக ஏறி, இலக்கியாவை உலுக்கி எழுப்புவாள். அதற்குள் பள்ளி வந்துவிடும். சாயங்காலம் இதே படம் தலைகீழாக ஓடும். யுவஸ்ரீ நாலரைக்கு வீட்டில், இலக்கியா ஆறு மணிக்குச் சேலத்தில், ஆறேகாலுக்கு டியூஷனில்.

இலக்கியாவின் கதைகள் நின்றுபோயின. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். காலையில் பல் துலக்கும்போது கண் மூடியிருக்கும். இரவில் ஒரு கையில் இட்லியோடு தூங்கிவிடுவாள். பொறுப்பு வந்துவிட்டது என்று சத்யபிரியா முதல் இரண்டு வாரம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாவது வாரம் சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, யாரும் ஒன்றும் சொல்லாதபோதே "உம்" என்று சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டாள்.

நவம்பர் தேர்வில் இலக்கியா பத்தொன்பதாம் ராங்க். யுவஸ்ரீ நான்காவது. மைதிலி போன் செய்து வருத்தம் விசாரித்தாள், அந்த வருத்தம் சத்யபிரியாவுக்கு மூன்று நாள் நெஞ்சை அடைத்தது. நான்காம் நாள் அவளுக்கு வழி கிடைத்தது. பசுமை வளாகத்தில் ஹாஸ்டல் இருந்தது. பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டால் அலைச்சல் இல்லை, வீட்டையும் விட வேண்டாம், யாரும் சிரிக்கவும் முடியாது.

சனிக்கிழமை ராசிபுரம் பஸ் பிடித்து, இடையில் மாறி, பள்ளி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். ஹாஸ்டல் கிளார்க் விண்ணப்பத்தையும் ஆதார் நகலையும் வாங்கிப் பார்த்தார். ஆதாரில் இன்னும் பழைய முகவரி. அவர் முகவரியைப் படித்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி முகவரியைப் படித்தார்.

"மேடம், இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்கு ஹாஸ்டல் கிடையாதுங்க. இந்த அட்ரஸு ஜன்னல்லயே தெரியுதுங்களே."

"நாங்க அங்க இல்லீங்க. ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கறோம்."

"ஊடு வித்துட்டீங்களா?"

"இல்லீங்க. பூட்டியிருக்குது."

"அப்பறம் எதுக்குங்க ஃபேர்லேண்ட்ஸ்ல?"

"புள்ளைய இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க வெக்கறதுக்குத்தானுங்க."

கிளார்க் பேனாவை மேசைமேல் வைத்தார். ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தார். பதினைந்து வருஷம் பெற்றோர்களைப் பார்த்தவர், அதனால் சிரிக்கவில்லை. "ஃபேர்லேண்ட்ஸ்ல குடியிருக்கறீங்கன்னு ஊட்டுக்காரங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கியாந்து குடுத்துருங்க, போதும்" என்றார்.

திரும்பிப் போகும்போது தன் வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். மைதிலி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குப் பயந்தவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தாள். மனிதர்கள் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வீட்டு நாய் மட்டும் கண்டுகொண்டு, வாலை ஆட்டியபடி பஸ் ஏறும்வரை கூடவே வந்து வழியனுப்பியது.

அன்று மாலை இலக்கியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அழுவாள், அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்துச் சமாதானங்களைத் தயாராக வைத்திருந்தாள். இலக்கியா அழவில்லை.

"அங்க பஸ்ஸு இல்லதானம்மா?"

"இல்ல சாமி."

"அப்ப ஏழு மணி வரைக்கும் தூங்கலாமா?"

விண்ணப்பத்தின் பின்பக்கம் ஹாஸ்டல் நேர அட்டவணை இருந்தது. ஐந்து மணி, துயிலெழுதல். ஐந்து இருபது, படிப்பு. சத்யபிரியா அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு, "பாக்கலாம் சாமி" என்றாள். பத்து வயதுப் பிள்ளை, அம்மாவை விட்டுப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கத்தை மட்டும் கேட்டது அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் மறுநாள் மாலை கீழே இறங்கி, கடிதம் கேட்டு முத்தாயம்மாளிடம் போனாள்.

முத்தாயம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெள்ளைத்தாளில் மார்ஜின் விட்டு, குண்டு குண்டாக எழுத ஆரம்பித்தார்.

"சரியான முடிவு எடுத்திருக்கம்மா. நானே சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுல வெச்சுட்டு இருந்தா எங்க உருப்படும்? அந்த மூணும் ஹாஸ்டல்தானே."

"எந்த மூணுங்கம்மா?"

"நம்ம டாக்டருங்கதான். அந்தப் பொண்ணு ஆறாவதுலயே போயிட்டா. பசங்க ரெண்டு பேரும் ஒம்பதாவதுல. எல்லாம் நாமக்கல் பக்கம்."

சத்யபிரியாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அப்ப இந்த வீட்டுல இருந்தது..."

"அப்பா அம்மாதான் இருந்தாங்க."

"புள்ளைங்க வருவாங்களா?"

"லீவுக்கு வருவாங்க. வந்தா தூங்குவாங்க. அதுல ஒரு பையன் படியில என்னைப் பாத்து, 'ஆன்ட்டி, நீங்க யாரு?'ன்னு கேட்டான். அவங்க குடும்பம் இங்க அஞ்சு வருஷம் குடியிருந்துச்சு." முத்தாயம்மாள் எழுதுவதை நிறுத்தாமலே சிரித்தார். "அவங்கம்மா பாவம், நல்ல பொம்பளை. சாயங்காலமானா கீழ வந்து என்கூட உக்காந்துக்குவா. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம்தான் புள்ளைய போன்ல பேச விடுவாங்க. மீதி ஆறு நாளும் அந்தப் பத்து நிமிஷத்தையே திருப்பித் திருப்பி என்கிட்டச் சொல்லுவா. எனக்கே மனப்பாடம் ஆயிரும். இந்தா, கையெழுத்துப் போட்டாச்சு."

சத்யபிரியா கடிதத்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். தினமும் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு போகிற மூன்று படங்களையும் அன்று நின்று பார்த்தாள். மூன்று பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களில் யாரும் இந்தப் படியில் ஓடியதில்லை, இந்த மாடியில் சண்டை போட்டதில்லை, இந்தச் சமையலறையில் வந்து பசிக்கிறது என்று நின்றதில்லை. இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அவர்களுடைய படங்கள்தான்.

மேலே இலக்கியா அடுத்த நாளுக்கு எடுத்து வைத்த சீருடையை மடியில் போட்டுக்கொண்டு சோபாவிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஆறரை. சத்யபிரியா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை கடைசியாகத் தன்னிடம் சொன்ன கதை எது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அரை மார்க் போனபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. அப்போது போனது அவளுடையது, அழுது தீர்த்துக்கொண்டாள். இது போனால் யாரிடம் போய்க் கேட்பது?

தீனதயாளனைக் கூப்பிட்டாள். பின்னால் ரிக் வண்டி இரைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, வண்டி ஒண்ணு சொல்லுங்க."

"என்ன வண்டி?"

"சாமான் ஏத்தறதுக்குங்க. ஊருக்குப் போறோம்."

எதிர்முனையில் இரைச்சல் தூரமானது, அவன் வண்டியை விட்டுத் தள்ளி வந்திருந்தான். பிறகு தீனதயாளன் ஒரு துக்கச் செய்தி விசாரிக்கிற குரலில் கேட்டான்.

"போர் வத்திருச்சா?"

"ஆமாங்க" என்றாள். அவனுக்குப் புரிகிற மாதிரி அதைவிடச் சுருக்கமாக அவளால் சொல்ல முடியவில்லை. அவனும், நான் அப்பவே சொன்னேன் என்று மட்டும் சொன்னான்.

முத்தாயம்மாளுக்கு மகா கோபம். ராசியைக் காலால் உதைத்துவிட்டுப் போகிறவர்களைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். முன்பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மினி லாரியில் சாமான் ஏறியது. வழியெல்லாம் சத்யபிரியா ஊரில் சொல்வதற்குக் காரணங்களைத் தயார் செய்துகொண்டே வந்தாள். சேலத்தில் காற்று சரியில்லை. கொசு. தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும் என்று ஒரு கிலோமீட்டர் வரும், ஐயோ சிரிப்பார்களே என்று அடுத்த கிலோமீட்டர் வரும். மல்லூர் தாண்டும்போது வண்டியைத் திருப்பச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டிரைவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த இலக்கியா அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அசைந்தால் விழித்துவிடுவாள் என்று அப்படியே இருந்துவிட்டாள்.

வாசலில் யாரும் சிரிக்கவில்லை. கந்தவேல், "வாங்கண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பிரிட்ஜை ஒரு பக்கம் பிடித்தான். அவன் அவ்வளவு பதமாக நடந்துகொண்டது சத்யபிரியாவுக்குச் சிரிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. இலக்கியா வண்டியிலிருந்து இறங்கியதும் யுவஸ்ரீயோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினாள். இரண்டு மாதமாகப் பேருந்தில் தூங்கியபோது கண்ட கனவுகளைச் சொல்ல அவளுக்கு இப்போதுதான் ஆள் கிடைத்திருந்தது.

சாமானெல்லாம் இறங்கி, மற்றவர்கள் கை கால் கழுவப் போன பிறகு, மைதிலி இரண்டு டம்ளர் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சுற்றும் முற்றும் பார்த்தாள். இதோ வருகிறது என்று சத்யபிரியா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"அக்கா, அந்த ராசி ஊடு இப்பக் காலியாத்தானுங்க இருக்குது?"

சத்யபிரியா திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க்கா, யுவஸ்ரீ இங்க இருந்துட்டே நாலாவது ராங்க் எடுக்கறா. கொஞ்சம் ராசியும் சேந்துதுன்னா மொத ராங்க் வந்துருமுங்க. அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. வீரபாகுகிட்டப் பேசிட்டேனுங்க, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கன்னாருங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வீட்டை அவசரப்பட்டு விட்டுவிட்டோமோ என்று சத்யபிரியாவுக்குத் தோன்றத்தான் செய்தது. காபியை ஒரு வாய் குடித்தாள்.

"நல்ல ஊடுதான் மைதிலி. தாராளமாப் போ. ஆனா யுவஸ்ரீய எங்கிட்ட விட்டுட்டுப் போயிரு."

"அவளுக்காகத்தானுங்க்கா போறதே!"

"அந்த ஊட்டு ராசி அப்படி, சாமி. அப்பனும் ஆத்தாளும் மட்டுந்தான் அங்க குடியிருக்கோணும். புள்ள இருக்கக் கூடாது. மூணு டாக்டருக்கும் அப்படித்தான் வந்துச்சு."

மைதிலி சிரிக்கப் பார்த்தாள். சத்யபிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது, அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தொட்டிப் பக்கம் பார்த்து, "யுவஸ்ரீ, இங்க அம்மாகிட்ட வா சாமி" என்று கூப்பிட்டாள்.

"இரும்மா வாரேன்" என்றாள் யுவஸ்ரீ, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இலக்கியா சொல்லி முடிக்கட்டும்."